இழுத்துப் பார்க்கும் கை

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வேலை செய்த இடத்தில் ஒரு முறை அவர் படத்தைப் பலகையில் ஒட்டி, போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு தன் பெயர் எங்கே எழுதப்பட்டாலும் அவருக்குப் பிடிக்காது. கேஸ் கொண்டுவருகிறவர் அடையாளத்துக்காகச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போன பெயரைக்கூட ஈரத்துணியால் துடைத்துவிடுவார்.

சித்தூரில் எங்கள் காம்பவுண்டின் பின்வீட்டுக்கு அவரும் கணவரும் குடிவந்தது கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு வந்த ஐப்பசியில். எனக்கு நாள்கூடத் தெரியும். கரண்ட் போன நாள், எதிர்வீட்டு மாமரம் முதல் பூ வைத்த நாள், தெருவுக்குப் புது ட்ரான்ஸ்ஃபார்மர் வந்த நாள் என்று எல்லாவற்றையும் குறித்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஓய்வு பெற்ற பிறகு அது இன்னும் முற்றிவிட்டது. ஆனால் இவரைப் பற்றி நினைத்தால் நாள் எதுவும் முன்னால் வருவதில்லை. ஒரு கைதான் வருகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையாவது பிடித்து, வெடுக்கென்று ஓர் இழு இழுக்கிற கை.

குடிவந்த அன்று தண்ணீர் கேட்டு எங்கள் சமையலறைக்குள் வந்தார். சொம்பை வாங்குவதற்கு முன்னால் கேஸ் சிலிண்டரின் ட்யூபைப் பிடித்து இழுத்தார். என் மனைவி பதறிப்போய்விட்டாள்.

"பயப்படாதீங்கக்கா. நிக்குது" என்றார் அவர்.

'நிக்குது' என்பது அவர் அகராதியில் பெரிய சொல். துணிக்கொடியைக் கட்டி இழுத்துப் பார்த்து 'நிக்குது' என்பார். கேட் கொக்கியை மாட்டி இழுத்துப் பார்ப்பார். பூட்டைப் பூட்டிய பிறகு மூன்று முறை இழுப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இவர் அடுத்தவர் வீட்டுப் பூட்டையும் இழுப்பார். ஒரு நாள் நான் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் புறப்பட்டு நிற்கிறேன். எதிரில் வந்தவர் என் சட்டையின் இரண்டாவது பித்தானை இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

"பாத்தீங்களா சார்? மேடையில போயி அவுந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

ஊசி நூல் எடுத்துவந்து, என்னை நிற்கவைத்தே தைத்து, மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். அன்று மேடையில் நான் பேசியது யாருக்கும் நினைவிருக்காது. பித்தான் இன்னும் அந்தச் சட்டையில் இருக்கிறது.

எல்லா நாளும் இப்படிச் சிரிப்பாக முடியவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை பள்ளிக்கூட ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தபோது, அதன் பையின் தோள்வாரை இழுத்துப் பார்த்தார். வார் பிய்ந்துவிட்டது. குழந்தை அழுதது. அதன் தாய் வெளியே வந்து, "நல்லா இருந்தத ஏங்க பிச்சீங்க?" என்று கேட்டாள். இழுக்காவிட்டாலும் பாதி வழியில் அறுந்திருக்கும் என்று இவர் சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. சொல்லவில்லை. "என் தப்புதாங்க, நாந்தான்" என்று சொல்லிக்கொண்டே பையை வாங்கிப்போய்த் தைத்துக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் பல நாள் அந்த வாசலைத் தாண்டும்போது முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு போனார். தப்பு யாருடையது என்று யாரும் பார்ப்பதற்கு முன்பே அதை எடுத்துத் தன் மடியில் கட்டிக்கொள்வார். அந்த வேகம்தான் எனக்கு முதலில் சங்கடமாக இருந்தது.

ஒரு முறை நாங்களும் அவரும் ஒரே பஸ்ஸில் திருப்பதிக்குப் போனோம். புத்தலப்பட்டு தாண்டும்வரை சும்மா இருந்தவர், பிறகு முன்சீட்டின் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்க்கத் தொடங்கினார். கண்டக்டர் திரும்பி, "ஏம்மா, பஸ்ஸு ஊடதீஸ்தாவா ஏமிட்டி?" என்றார். பஸ்ஸையே பிரித்துவிடுவாயா என்று கேட்கிறார். இவர் அசராமல், "ஊடிதே நேனே பிகிஸ்தாலே அன்னா" என்றார். கழன்றால் நானே முடுக்கித் தருகிறேன் என்று. பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். அப்படி வாய்விட்டு அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் அவரே சொன்னார். அவர் பிறந்த ஊர் சத்தியவேட்டுப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கார்களுக்குள் ஓடுகிற ஒயர்க் கட்டுகளைச் செய்யும் இடம். ஒயர் முனையில் 'லக்' என்கிற சின்னச் செம்புக் கொண்டியை வைத்து அமுக்குவது அவர் வேலை.

"அமுக்கனா இழுத்துப் பாக்கணும் சார். அதான் ரூலு. ஒரு நாளு ஒரு பொட்டி திரும்பி வந்துச்சு. அதுல ஒரு லக்கு கயண்டுக்கினு கீது. சீட்டப் பாத்தா என் நம்பரு. கேட்டாண்ட பலகையில என் போட்டோவ ஒட்டி, கீழ அந்தக் கயண்ட ஒயர தொங்க உட்டாங்க. ஒரு மாசம். ஷிப்டு மாற்ற போதெல்லாம் அல்லாரும் அதப் பாத்துக்கினே உள்ள வருவாங்க. எங்கூட உக்காந்து துன்னவளுங்க ஒரு டேபிள் தள்ளி உக்காந்தாளுங்க."

"உன் தப்புதானா அது?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த வெங்காயச் சருகைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒரு ஒயர அன்னிக்கி இழுத்துப் பாத்தனா இல்லியா, எனக்கே ஞாபகம் இல்ல சார். பாத்திருந்தா பாத்தேன்னு சொல்லியிருப்பன். பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லியிருப்பன். ரெண்டும் சொல்ல முடியல."

அவருடைய தம்பி ராணுவத்தில் டாங்கி ஓட்டுகிறவர். ஊரில் யாருக்கும் அது என்னவென்று சரியாகப் புரியவில்லை. லாரி மாதிரி ஏதோ ஓட்டுகிறான் என்று அவர் அம்மாவே சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே படம் எடுத்து அனுப்பவும் அனுமதி இல்லை. புத்தூர்ப் பெண் ஒருத்தியைத் தம்பிக்கு நிச்சயம் செய்து, ஆவணியில் திருப்பதியில் கல்யாணம் என்று முடிவானது.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்தபோது, படித்த யுத்தப் புத்தகங்களையும் படங்களையும் வைத்துக்கொண்டு ப்ளைவுட்டிலும் அலுமினியத் தகட்டிலும் ஒரு டாங்கி செய்தேன். பக்கத்துக்கு ஆறு சக்கரம் கொண்ட ரஷ்ய வகை. குழந்தைகள் படுக்கும் கட்டில் நீளம் இருக்கும். எங்கே எத்தனை ஆணித்தலை தெரிய வேண்டும் என்பதுவரை பார்த்துச் செய்தேன். ஆனால் உள்ளே ஒன்றும் கிடையாது. அது ஷெட்டில் நின்றது. என் மனைவி அதன் முதுகில் மிளகாய் காயவைப்பாள்.

தம்பிக்கு நிச்சயமான வாரம் அவர் ஷெட்டுக்கு வந்து, மிளகாய் முறத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, டாங்கியின் சக்கரங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

"எந்தம்பி ஓட்றது இதுதான சார்?"

"இதே வகைதான்."

"இது ஓடுமா?"

"ஓடாது."

"ஓட வெச்சுர்லாமே" என்றார்.

திட்டம் அவருடையது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை வரவேற்பில், மாலையும் கழுத்துமாகத் தம்பியும் பெண்ணும் மேடையில் நிற்கும்போது, மோதிரத் தட்டைச் சுமந்துகொண்டு டாங்கி மண்டப வாசலிலிருந்து மேடைவரை போக வேண்டும். தம்பிக்குத் தெரியக் கூடாது. அவன் என்ன ஓட்டுகிறான் என்று சொந்தம் முழுக்க ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அவர் கணவர் லாரி ஓட்டுகிறவர். பழைய லாரிகளில் கழற்றிய இரண்டு வைப்பர் மோட்டார்களைக் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடியை மெதுவாக, விடாமல் துடைக்கிற மோட்டார். வேகம் இருக்காது, இழுவை இருக்கும். பின்பக்கத்துப் பல்சக்கரங்கள் இரண்டுக்கும் ஆளுக்கொன்று. இரண்டு பாட்டரி. ரிமோட் சொல்வதைக் கேட்டு இரண்டு மோட்டாருக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பலகை ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். மேலே பீரங்கியோடு சுழலும் பகுதிக்கு இன்னொரு குட்டி மோட்டார். அந்தப் பகுதியை அவர் 'தலை' என்றுதான் சொல்வார். "தலைக்குப் போற ஒயர் முறுக்கிக்கும் சார், கொஞ்சம் லூசு உடணும்" என்று அந்த ஒயருக்கு மட்டும் ஒரு வளையம் கூடுதல் நீளம் விட்டார்.

நானாக இருந்தால் டாங்கிக்குள் கையை விட்டு ஒயரை ஒவ்வொன்றாகப் பொருத்தியிருப்பேன். அவர் டாங்கியைத் தொடவே இல்லை. ஒரு பலகையில் டாங்கியின் உள்வயிற்றைச் சாக்பீஸால் வரைந்தார். ஒயர் திரும்ப வேண்டிய இடங்களில் ஆணி அடித்தார். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் ஒயர்களை ஆணிகளுக்கு நடுவே ஓட்டி, டேப் சுற்றி, முனைகளில் லக்கை அமுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்து, வாய்க்குள் 'நிக்குது, நிக்குது' என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் முழுக் கட்டையும் பலகையிலிருந்து தூக்கி டாங்கிக்குள் வைத்தார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

அப்போது ஒன்று சொன்னார். "தம்பி கல்யாணத்துல எனக்கு ரெண்டு வேல சார். மொத நாளு இத ஓட்றது. மறு நாளு தாலியில ரெண்டு முடிச்சி போட்றது."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை போடுவது முதல் முடிச்சு. மற்ற இரண்டும் பெண்ணுக்குப் பின்னால் நிற்கிற நாத்தனார் போட வேண்டும்.

"தாலியையும் இழுத்துப் பார்ப்பாயா?" என்று கேலியாகக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "பாக்காம? ரெண்டு முடிச்சும் என்னுது சார்."

முதல் ஓட்டம் காம்பவுண்டில் நடந்தது. ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளினார். டாங்கி முன்னால் போகாமல், நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றியது. மாடிவீட்டுப் பையன்கள் கைதட்டினார்கள்.

"என் ஜாயின்ட்டுதான்" என்றார் உடனே. முகம் கறுத்துவிட்டது.

ஜாயின்ட் இல்லை. மோட்டார்கள் முதுகோடு முதுகு ஒட்டி எதிரெதிர்த் திசை பார்த்து உட்கார்ந்திருந்தன. ஒரே மாதிரிக் கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் முன்னால் போகும், மறு பக்கம் பின்னால் போகும். ஒரு மோட்டாரின் இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டால் தீர்ந்தது. சொன்னேன். மாற்றினார். டாங்கி நேராகப் போய்த் துளசி மாடத்துக்கு முன்னால் நின்றது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவர் மட்டும் உட்கார்ந்து, அதுவரை போட்ட எல்லா லக்குகளையும் மறுபடி இழுத்துக்கொண்டிருந்தார். தப்பு வேறிடத்தில் என்று காட்டிய பிறகும் அவர் கை தன்னுடைய வேலையைத்தான் சந்தேகப்பட்டது.

எங்கள் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனியாகப் பிரிந்த ஆண்டு அது. 'திருப்பதி மாவட்டம்' என்று அச்சடித்து எனக்கு வந்த முதல் கல்யாணப் பத்திரிகை அவர் தம்பியுடையதுதான்.

வரவேற்பு நாளன்று டாங்கியை வேனில் ஏற்றித் திருப்பதி மண்டபத்தின் பாத்திர அறைக்குள் வைத்தோம். மணப்பெண்ணுக்கு மட்டும் விஷயம் தெரியும். சிங்காரித்து முடித்தவள் ரகசியமாகப் பார்க்க வந்தாள். கண்களை அகல விரித்து டாங்கியைச் சுற்றிவந்தாள். பிறகு தன் ஜடையிலிருந்து கனகாம்பரமும் மல்லிகையும் கலந்த சரத்தில் ஒரு முழம் நறுக்கினாள்.

"வண்டிக்கும் கொஞ்சம் பூ வெக்கலாம் அண்ணி."

நான் ஆட்சேபித்தேன். அந்த வகை டாங்கியின் எந்தப் படத்திலும் பூ கிடையாது என்றேன். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பெண் குனிந்து, இடதுபக்கம் முன்கொக்கியிலிருந்து பின்பக்கம்வரை சரத்தை ஓட்டிக் கட்டினாள். கட்டிவிட்டு முடிச்சைப் பிடித்து இழுத்தாள்.

"நிக்குதா அண்ணி? உங்க தம்பி அல்லாம் சொல்லிக்கீறாரு" என்றாள். இவர் வெட்கப்பட்டு அவள் கன்னத்தைத் தொட்டார்.

வாசலில் பாட்டு மாறியது. தட்டில் இரண்டு மோதிரம். டாங்கி சிவப்புக் கம்பளத்தில் ஏறியது. பீரங்கி இடமும் வலமும் திரும்பி வணக்கம் வைத்தது. மேடையில் நின்ற தம்பி முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு அட்டென்ஷனில் நிமிர்ந்து ஒரு சல்யூட் அடித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் அம்மா, "இதையா ஓட்றான் எம்மவன்" என்று பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். இவர் கடைசி வரிசைக்குப் பின்னால், என் பக்கத்தில், ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

பாதி தூரம் போயிருக்கும். டாங்கியின் இடதுபக்கம் செத்தது. வலதுபக்கம் ஓடிக்கொண்டே இருந்ததால் வண்டி இடதுபுறம் திரும்பி, கம்பளத்தை விட்டு இறங்கி, பெண்வீட்டாரின் முதல் வரிசைக்குள் நுழைந்து, பெண்ணின் தாய்மாமன் முழங்காலில் இடித்து நின்றது. தட்டு சரிந்தது. ஒரு மோதிரம் நாற்காலிகளுக்கு அடியில் உருண்டுபோனது.

"இன்னாபா இது" என்றார் தாய்மாமன், காலைத் தேய்த்துக்கொண்டே. "மிலிட்டரி வண்டி எதிரிய உட்டுட்டு சம்பந்திய இடிக்குது?"

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "யாருபா செஞ்சது?" என்று அவர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

"நாந்தாங்க" என்று என் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "என் ஜாயின்ட்டு. நாந்தான் சரியா போடல."

யாரும் வண்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சிரிப்பு அடங்கிப்போயிற்று. எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. குனிந்து மோதிரம் தேடிக்கொண்டிருந்த பெண்வீட்டு மூதாட்டி ஒருவர் நிமிராமலே, ஆனால் எல்லோருக்கும் கேட்கிறாற்போல் சொன்னார்: "மோதரம் எட்துக்கினு வந்தது பாதியில நின்னுபூட்ச்சி. அந்தக் கையாலயா நாளிக்கி முடிச்சி போடணும்?"

யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் பேசவில்லை. சிலர் மேடையைப் பார்த்தார்கள், சிலர் செல்போனைப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த காப்பி டம்ளரை எங்கே வைப்பது என்று தேடினேன். டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பியபோது எனக்கும் அவருக்கும் நடுவே இரண்டு நாற்காலி இடைவெளி விழுந்திருந்தது. அவர் அங்கேயேதான் நின்றார். ஒரு டேபிள் தள்ளி உட்கார்ந்தவர்களைப் பற்றி அவர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. என் காதுமடல் சுட்டது. ஆனாலும் பக்கத்தில் போகவில்லை.

மறுநாள் காலை நாதஸ்வரக்காரர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பாத்திர அறைக்குப் போனேன். அவர் அங்கே, அண்டாக்களுக்கு நடுவில், பழைய புடவையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் தயாராகவில்லையா?"

"முடிச்சிக்கு சித்தி பொண்ண நிக்கச் சொல்லிட்டன் சார். என் கை வேணாம். நாளைக்கி அதுங்களுக்குள்ள எதுனா சின்ன சண்ட வந்தாக்கூட இதத்தான் சொல்லுவாங்க. தம்பியும் கூப்ட்டுப் பாத்துட்டான்."

நான் டாங்கியின் மேல்தட்டைக் கழற்றினேன். இடதுபக்க ஃப்யூஸ் எரிந்திருந்தது. அவரைப் போலவே ஒவ்வொரு லக்கையும் பிடித்து இழுத்தேன். சிவப்பு, கறுப்பு, மஞ்சள். ஒன்றுகூட அசையவில்லை. வண்டியைச் சாய்த்தேன். இடதுபக்கப் பல்சக்கரத்தின் அச்சில், கிரீஸில் கறுத்து, கயிறாய் முறுக்கி இறுகியிருந்தது பூச்சரம். கட்டியதுபோக மிஞ்சிய நுனி பின்னால் தொங்கியிருக்கிறது. ஓடும்போது பல்லில் சிக்கி, சுற்றிச் சுற்றி அச்சையே நிறுத்திவிட்டது. மோட்டார் திணறியதில் ஃப்யூஸ் போய்விட்டது. அறுத்து எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"உன் ஜாயின்ட் எல்லாம் நிற்கிறது, பார். பூதான். இப்போதே போய் அந்த மாமனிடம் சொல்கிறேன்."

அவர் சரத்தை வாங்கி, விரலில் சுற்றிப் பார்த்தார். ஒரு நொடி முகம் மலர்ந்ததுபோல் இருந்தது. உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் சார். பூ வெச்சது யாரு? தாலி ஏறப்போற பொண்ணு. என்னிய சொன்ன வாயி அத சொல்லாதா? நுனி தொங்கறத நான் பாத்திருக்கணும். அதுவும் என் வேலதான்."

"இது நியாயமே இல்லை."

"எனக்குப் பழகிப்போச்சி சார். அதுக்கு வேணாம்."

அறை வாசலில் கொலுசு சத்தம் கேட்டது. கூறைப்புடவையில், ஜடையில் பாதிப் பூ வைத்த நிலையில், மணப்பெண் நின்றிருந்தாள். அண்ணியை அழைத்துப்போக வந்திருக்கிறாள். அவள் கண் இவர் விரலில் இருந்த கறுத்த சரத்தின் மேல் விழுந்தது. கனகாம்பரம் ஒன்று அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் பேசியதில் எவ்வளவு கேட்டாளோ தெரியாது. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கழுத்திலிருந்து ரத்தம் ஏறி முகமெல்லாம் சிவந்தது. வாயைத் திறந்தாள்; இவர் தலையை அசைத்து வேண்டாம் என்றார். அதற்குள் யாரோ கூப்பிட்டு அவளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

முகூர்த்தத்தில் அந்தச் சித்தி மகள் பெண்ணுக்குப் பின்னால் தயாராக நின்றாள். இவர் தூணுக்கு அப்பால், கூட்டத்தின் கடைசியில். எல்லோருடைய கையிலும் அட்சதை. கெட்டிமேளம் தொடங்கியது. தம்பி தாலியை எடுத்துப் பெண்ணின் கழுத்தைச் சுற்றி இரண்டு நுனியையும் பிடித்தார். பெண் தலை குனிந்தபடியே தன் ஜடையைப் பின்னாலிருந்து பிடித்து, பிடரியை மறைத்துக்கொண்டாள்.

"அண்ணி வரட்டும்" என்றாள்.

மேளத்தில் பலருக்குக் கேட்கவில்லை. புரோகிதருக்குக் கேட்டது. "முகூர்த்தம் தாட்டிப்போதுந்தி, கானிவ்வண்டி" என்று, நேரம் தாண்டுகிறது, ஆகட்டும் என அவசரப்படுத்தினார். அவள் ஜடையை விடவில்லை. தாய்மாமன் எழுந்தார். "இன்னாம்மா இது, சபையில" என்றார்.

தம்பி இரண்டு நுனியையும் பிடித்தபடி தூண் பக்கம் திரும்பினார். "யக்கா, வா. எத்தினி நேரம் இப்டியே புட்ச்சிக்கினு நிக்கறது? கை நோவுது."

கூட்டம் தானாக வழிவிட்டது. அவர் பழைய புடவையோடு, தலையை நிமிர்த்தாமல், மேடை ஏறினார். பெண் ஜடையை விலக்கினாள். தம்பி ஒரு முடிச்சுப் போட்டார். இவர் இரண்டு போட்டார். அட்சதை விழுந்தது.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முடிச்சின் அருகே போயின. போய், நின்று, திரும்பிவிட்டன. அத்தனை பேர் பார்க்கிறார்கள். அவர் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அவர் கட்டிய ஒன்றை இழுத்துப் பார்க்காமல் விட்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கூச்சமாக இருந்தது எனக்கு. அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்த சபையில் நானும் அட்சதையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது பெண் தன் வலக்கையைப் பிடரிக்குக் கொண்டுபோனாள். மஞ்சள் கயிற்றின் முடிச்சைத் தேடிப் பிடித்து, வெடுக்கென்று ஓர் இழு இழுத்தாள். பிறகு இன்னொன்று.

"நிக்குது அண்ணி" என்றாள், திரும்பாமலே.

அவரும் கணவரும் சித்தூரை விட்டுப் போய் இரண்டு ஆண்டு ஆகிறது. டாங்கி என் ஷெட்டில் இருக்கிறது. போவதற்கு முன் கல்யாண ஆல்பத்தை அவர் ஒரு முறை எங்களிடம் காட்டினார். அந்த நொடியின் படம் அதில் இருக்கிறது. பெண்ணின் கை கழுத்துக்குப் பின்னால்; தெரியாதவர்கள் பூவைச் சரிசெய்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். படத்தின் ஓரத்தில், பழைய புடவையில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலை குனிந்து நிற்பவர் அவர். அந்தப் பக்கம் வந்ததும் வேகமாகப் புரட்டிவிட்டார். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பி வந்து, படத்தின் மூலையை நகத்தால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். ஒட்டு கெட்டியாக இருந்தது.